எடுக்காத குளிர் ரீடிங்

1. பருத்திக் காட்டோரம்

மறுநாள் காலை பத்து மணிக்குப் பல்கலைக்கழகக் குழு எங்கள் கல்லூரிக்கு வர இருந்தது. முதல் நாள் மதியம் இரண்டு மணிக்கு நான் எட்டயபுரம் சாலையில், ஒரு பருத்திக் காட்டின் ஓரம், தெர்மாஸ் பிளாஸ்க்கைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்த திரவ நைட்ரஜன் கரிசல் மண்ணில் விழுந்து, சீறி, முத்து முத்தாக உருண்டு, புகையாகிக்கொண்டிருந்தது.

கோவில்பட்டி மாட்டாஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கியது அது. காளையின் விந்தை உறைய வைத்துப் பாதுகாக்க அவர்களுக்குத் திரவ நைட்ரஜன் வரும். எங்கள் வட்டாரத்தில் அது வேறு எங்கும் கிடைக்காது. மூடியை இறுக்கினால் பிளாஸ்க் வெடித்துவிடும் என்பதால் தளர்த்தி வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் மூடியின் இடுக்கில் வெள்ளைப் புகை வந்தது.

கண்டக்டர் வந்து குனிந்து பார்த்தார். "என்ன சார் பொகையுது? தீப்பெட்டி மருந்தா?"

"இல்லப்பா. நைட்ரஜன். காத்துல இருக்கதுதான்."

"காத்துல இருக்கத எதுக்குச் சார் பிளாஸ்க்ல அடச்சிக் கொண்டு போறீங்க?"

பஸ்ஸில் சிரிப்பு. ஆனால் பின் சீட்டில் இருந்த ஓர் அம்மாள் சிரிக்கவில்லை. "எங்க வீட்டு ஆம்பளையத் தீப்பெட்டி ஆபீஸ் மருந்து ரூம்ல பறிகுடுத்தவ நான். அந்தாள எறக்கி விடும். இல்ல நான் எறங்குதேன்" என்றார்.

"அதக் கொட்டிட்டு வாங்க சார், ஏத்துதேன்" என்றார் கண்டக்டர். இறங்கிக் கொட்டினேன். கொட்டி முடித்து நிமிர்ந்தபோது பஸ் போய்விட்டிருந்தது.

இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவன், ஒரு நாள் முழுக்கத் தாங்கும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்தே போயிருக்கக்கூடிய தூரத்தில், பஸ்ஸுக்காக அதைக் கொட்டினான். என் பணிக்காலத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

2. பின்னால் நடப்பது

அந்தக் குழு எம்.எஸ்ஸி. இயற்பியல் தொடங்க அனுமதி தருவதற்காக வந்தது. நவீன ஆய்வகம் இருக்கிறது என்று காட்டுவதற்காகவே ஒரு புதுக் கருவி வாங்கியிருந்தோம். எலக்ட்ரான்கள் செனான் வாயுவின் அணுக்களில் மோதி எப்படிச் சிதறுகின்றன என்று அளக்கும் கருவி. அதற்குத்தான் நைட்ரஜன்.

அப்போதைய துறைத்தலைவர் வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னவே, வெறும் பிளாஸ்க்கோட வாரீரு?"

"பஸ்ல எறக்கி விட்டுட்டான் சார். கொட்டிட்டேன்."

"அப்பம் கோல்ட் ரீடிங்?"

"இல்ல சார்."

"இல்லன்னு கமிட்டிகிட்டப் போயி நான் சொல்லவா? புஸ்தகத்துல கர்வ் இருக்குல்லா?"

"இருக்கு சார்."

"பொறவு என்னவே மூஞ்சியத் தொங்கப் போடுதீரு? கர்வுல இருந்து அப்படியே பின்னால நடந்து வாரும். கணக்குத் தெரிஞ்ச ஆளுதானே நீரு."

நடந்தேன். அன்று மாலை ஒரு நீல டைரியில், மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து, புத்தகத்தின் வரைகோட்டிலிருந்து தலைகீழாகக் கணக்குப் போட்டு, இருபது ரீடிங்குகளைத் தயாரித்தேன். சந்தேகம் வரக்கூடாதென்று ஒன்றிரண்டு இடத்தில் கடைசி இலக்கத்தைக் கொஞ்சம் கலைத்தும் விட்டேன். அந்த அளவுக்குக் கலைநயம் எனக்கு இருந்தது.

குழு வந்தது. கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தார்கள். நூலக அலமாரிகளை எண்ணினார்கள். எங்கள் கருவியின் மேல் போட்டிருந்த துணியை அவர்களில் ஒருவர்கூட விலக்கவில்லை. கையில் ஆளுக்கொரு கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு ரயிலேறினார்கள். அனுமதி வந்தது. அந்தப் பொய் தேவைப்படவே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. அந்தக் கருவி என்ன செய்கிறது

இயற்பியல் படிக்காதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். பெரிய விஷயமில்லை.

தைரட்ரான் என்று ஒரு கண்ணாடி ட்யூப். கட்டைவிரல் பருமன் இருக்கும். உள்ளே கொஞ்சம் செனான் வாயு. ஃபிலமென்ட் என்னும் கம்பிச்சுருளைச் சூடாக்கினால் எலக்ட்ரான்கள் வெளியே வரும். சிறு வோல்டேஜ் கொடுத்து அவற்றை முன்னால் தள்ளுகிறோம். வழியில் ஷீல்ட் என்னும் உலோகக் கூடு. அணுவில் மோதித் திசை மாறிய எலக்ட்ரான் அந்தக் கூட்டில் போய்ச் சேரும். மோதாமல் தப்பியது நேராகக் கடைசியில் இருக்கும் பிளேட்டைச் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்பதை மீட்டர் காட்டும்.

வோல்டேஜை ஏற்ற ஏற்ற பிளேட் கரன்ட் ஏறும். பிறகு, எதிர்பாராத இடத்தில், இறங்கும். மறுபடி ஏறும். அந்த முதல் மேட்டில்தான் அதிசயம் இருக்கிறது. ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான ஆற்றலில் போகும் எலக்ட்ரானுக்குச் செனான் அணு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இதைவிட மெதுவாகப் போனாலும் மோதும், வேகமாகப் போனாலும் மோதும். அந்த ஒரு வேகத்தில் மட்டும் கூட்டத்தை ஊடுருவிக்கொண்டு போய்விடும். எலக்ட்ரானைக் கோலிக்குண்டு என்று நினைப்பவனுக்கு இது விளங்காது. அதை அலை என்று நினைக்க வேண்டும். அணுவுக்குள் நுழைந்த அலை சுருங்கி, வெளியே வரும்போது சரியாக அரை அலை அளவோ அதன் முழு மடங்கோ முந்திக்கொண்டு வந்தால், வெளியில் நிற்பவனுக்கு வழியில் அணு இருந்த தடயமே தெரியாது.

சரி, எவ்வளவு சிதறியது என்று எப்படிச் சொல்வது? அணுவே இல்லாவிட்டால் எவ்வளவு எலக்ட்ரான் போய்ச் சேரும் என்று தெரிய வேண்டும். அதற்காக ட்யூபைத் தலைகீழாக்கி அதன் நுனியைத் திரவ நைட்ரஜனில் முக்குகிறோம். செனான் நுனியில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். ட்யூபுக்குள் ஏறக்குறைய வெற்றிடம். அப்போது எடுப்பது கோல்ட் ரீடிங், குளிர் ரீடிங். சாதாரணமாக எடுப்பது வார்ம் ரீடிங். இரண்டையும் ஒப்பிட்டால் சிதறலின் நிகழ்தகவு கிடைக்கும்; அந்த அதிசய வேகத்தில் அதன் கோடு பள்ளமாக இறங்கும். குளிர் ரீடிங் இல்லாவிட்டால் இந்தச் சோதனையே இல்லை.

எங்களிடம் குளிர் ரீடிங் இல்லை. என் டைரி இருந்தது.

4. டிபார்ட்மென்ட் வேல்யூ

பதினான்கு வருஷம் அந்த டைரி ஓடியது. ஒவ்வொரு வருஷமும் நைட்ரஜன் வாங்க வேண்டும் என்று பேசுவோம், வாங்க மாட்டோம். மாணவர்கள் வார்ம் ரீடிங்கைத் தாங்களே எடுப்பார்கள். குளிர் ரீடிங்கை ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துக் கொடுப்போம். அதற்கு 'டிபார்ட்மென்ட் வேல்யூ' என்று பெயர். பிறகு ஆய்வகக் கையேட்டிலேயே அச்சாகிவிட்டது. அச்சான பிறகு அதைச் சந்தேகிப்பது ஒழுங்கீனம்.

இதற்கிடையில் ஃபிலமென்ட் எரிந்து இரண்டு முறை ட்யூப் மாற்றினோம். மூன்று ட்யூபுக்கும் ஒரே குளிர் ரீடிங். ஒருவர் ரத்தத்தைச் சோதித்து ஊர் முழுக்க ரிப்போர்ட் கொடுப்பது போன்ற காரியம். புதிய ட்யூபின் வார்ம் ரீடிங்கோடு என் பொய்யைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் சில இடங்களில் நிகழ்தகவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

"சார், மைனஸ்ல வருது."

"வார்ம் ரீடிங்க ஒழுங்கா எடுக்கல. போயி மறுபடி எடு."

மறுபடி எடுக்க மாட்டார்கள். விவரமானவர்கள். போன வருஷத்து ரெக்கார்டைப் பார்த்து, கர்விலிருந்து பின்னால் நடந்து வருவார்கள். அழகான பள்ளம் ஒன்று சரியான இடத்தில் வந்து விழும். நான் சிவப்பு மையில் 'வெரி குட்' போடுவேன். ஆக, பொய்யான குளிர் ரீடிங்குக்குப் பொருந்துவதற்காக உண்மையான வார்ம் ரீடிங்கையும் பொய்யாக்க வருஷந்தோறும் ஒரு வகுப்புக்குப் பயிற்சி கொடுத்தேன். இன்று அவர்களில் பலர் பேராசிரியர்கள்.

5. மாரீஸ்வரி

அதற்குள் நான் துறைத்தலைவர் ஆகியிருந்தேன். மாரீஸ்வரி இரண்டாம் வருஷ எம்.எஸ்ஸி. மாணவி. எட்டயபுரத்துக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமம். அவள் அப்பா ஊர் ஊராக வண்டியில் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர்.

அவளும் மைனஸ் நிகழ்தகவோடு வந்து நின்றாள். நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன்.

"மூணு தடவ எடுத்துட்டேன் சார். மூணும் ஒண்ணு போலத்தான் வருது. வார்ம் சரியாத்தான் இருக்கு. கோல்டுதான் இந்த ட்யூபுக்கு உள்ளது இல்லன்னு நெனைக்கேன்."

"பதினாலு பேட்ச் எழுதியிருக்கு. நீ மட்டும் நெனைக்கியாக்கும்."

"நைட்ரஜன் இருந்தா எடுத்துப் பாத்துரலாம்லா சார்?"

"இருந்தா எடுக்க மாட்டமா? எங்க போறது?"

"எங்க வீட்டுல இருக்கு சார்" என்றாள்.

மறுக்க எனக்குக் காரணம் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் மறுத்திருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் அப்பா ஒரு மொபெட்டில் வந்து இறங்கினார். முன்னால் சாக்கு சுற்றிய அலுமினியக் கேன். மெலிந்த ஆள், காக்கிச் சட்டை, தலையில் துண்டு. ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"செருப்போட வாங்க" என்றேன்.

"இருக்கட்டும் சார். பிள்ளைக படிக்கிற எடம்." உள்ளே வந்து கருவியைச் சுற்றிப் பார்த்தார். "இந்த இத்துணூண்டு குழாயவா முக்கணும்? நான் எலக்ட்ரான்னா பெருசா இருக்கும்னு நெனச்சிட்டேன்."

"அப்பா, சும்மா இருங்க" என்றாள் மாரீஸ்வரி.

"இல்லட்டி, காளைக்கு உள்ளத எடுத்து எலக்ட்ரானுக்குக் குடுக்கேன். யாருக்குக் குடுக்கோம்னு பாக்க வேண்டாமா?"

நான் ட்யூபை எடுத்து நைட்ரஜனுக்கு மேல் கொண்டுபோனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"என்ன சார், பட்டுன்னு எறக்குதீங்க? கண்ணாடி தெறிச்சிரும். மொதல்ல ஆவியில காட்டணும். குளிரு பழகணும். பொறவுதான் முக்கணும்." பிறகு தயங்கி, "நீங்க எத்தன தடவ செஞ்சிருப்பீய... கை தன்னால வந்துட்டு, மன்னிச்சிருங்க" என்றார்.

அவர்தான் முக்கினார். ஆவியில் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக, கன்றுக்குப் பால் புகட்டுகிறவர் போல் இறக்கினார். மாரீஸ்வரி வோல்டேஜை ஏற்றினாள். வழக்கமாக மேடேறி இறங்கும் மீட்டர் முள் அன்று இறங்கவே இல்லை. எங்கும் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. அணுக்கள் வழியை விட்டு விலகிவிட்டன.

"அடே! இப்படியா போகும்!" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

மாரீஸ்வரி மீட்டரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். பிறகு அடுத்த ரீடிங்கை எழுதினாள்.

பதினான்கு வருஷம் நடத்திய சோதனையை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவள் அதோடு விடவில்லை. குளிர் நிலையிலேயே பேட்டரியைத் திருப்பிப் போட்டு இன்னொரு வரிசை எடுத்தாள். ஃபிலமென்ட் ஓர் உலோகம், ஷீல்ட் வேறோர் உலோகம். இரண்டுக்கும் இடையே நாம் கொடுக்காத ஒரு சிறு வோல்டேஜ் எப்போதும் ஒளிந்திருக்கும். அது ட்யூபுக்கு ட்யூப் மாறும். அதைக் கண்டுபிடித்துச் சேர்த்தால்தான் எலக்ட்ரானின் உண்மையான ஆற்றல் தெரியும். அவள் கண்டுபிடித்தாள், சேர்த்தாள். மீட்டர் காட்டிய வோல்டேஜில் பள்ளம் புத்தகம் சொன்ன இடத்தில் இல்லை. திருத்திய பிறகு அங்கே வந்து நின்றது.

ரெக்கார்டு நோட்டின் கடைசியில் அடக்கமான கையெழுத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். முதல் ட்யூபின் பழைய ரெக்கார்டில் உள்ள வார்ம் ரீடிங்கோடு டிபார்ட்மென்ட் வேல்யூவை வைத்துக் கணக்குப் போட்டால் எந்தத் திருத்தமும் செய்யாமலே பள்ளம் புத்தகத்தின் இடத்தில் விழுகிறது. அப்படியானால் அந்த ட்யூபில் ஒளிந்திருக்கும் வோல்டேஜ் பூஜ்யம். அப்படி ஒரு ட்யூப் இருக்க வாய்ப்பில்லை. இவ்வளவுதான். யார் பெயரும் இல்லை.

நான் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். வெரி குட் போடவில்லை.

6. எக்ஸ்டர்னல்

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். எக்ஸ்டர்னல் என்போம். அவர் வேறொரு கல்லூரித் துறைத்தலைவர். நான் அவர் கல்லூரிக்கு எக்ஸ்டர்னலாகப் போவேன், அவர் எங்களுக்கு வருவார். ஒருவர் பிள்ளைகளை மற்றவர் பெயிலாக்குவதில்லை என்பது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். இதைத் தரக்கட்டுப்பாடு என்று பல்கலைக்கழகம் அழைத்தது.

அப்போது மாரீஸ்வரிக்கு பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்திருந்தது. நேர்முகத்தில் தேறிவிட்டாள். ஜூலைக்குள் எல்லாத் தாளிலும் பாஸ் என்று மார்க் ஷீட்டைக் காட்ட வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. கல்லூரி முழுக்க அது தெரியும். எனக்கும் தெரியும்.

சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு இந்தச் சோதனையே வந்தது. வார்ம் ரீடிங்கை எடுத்தாள். வழக்கப்படி குளிர் ரீடிங் துண்டுச் சீட்டை மேஜையில் வைத்தார்கள். "என் ரெக்கார்டுல நான் எடுத்த கோல்ட் ரீடிங் இருக்கு சார். அத எடுத்துக்கிடலாமா?" என்று கேட்டாள். பரீட்சையில் ரெக்கார்டைப் பார்க்க விதி இல்லை என்றார் எக்ஸ்டர்னல். அச்சடித்த பொய்யைப் பார்க்க விதி இருந்தது.

தாளில் வார்ம் ரீடிங் பத்தியை நிரப்பினாள். குளிர் ரீடிங் பத்தியைக் கோடு போட்டுக் காலியாக விட்டாள். கீழே எழுதினாள்: 'திரவ நைட்ரஜன் தரப்படவில்லை. கொடுத்த மதிப்புகள் இந்த ட்யூபில் எடுத்தவை அல்ல. எடுக்காத ரீடிங்கை எழுத இயலவில்லை.'

எக்ஸ்டர்னல் தாளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். சுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தோம். அவர் ஒன்றும் கெட்ட ஆள் இல்லை. அதனால்தான் என் நிலை இன்னும் கேவலம்.

"என்ன சார் இது, இப்பிடி எழுதி வச்சிருக்கா? விடையில்லாத தாளுக்கு எப்பிடி மார்க் போட? இன்கம்ப்ளீட்னு போட்டா பெயிலு."

நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைக்கு சீட்டு கெடச்சிருக்குன்னு சொன்னாங்க. எனக்கென்ன, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அவ எழுதுனது நெசமா? கோல்ட் வேல்யூல தப்பு இருந்தா அவ மேல குத்தமில்ல. பாஸ் போட்டுருதேன்."

அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. எனக்கு என்ன போயிருக்கும் என்று பல வருஷம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதர் முன் கொஞ்ச நேரம் தலை குனிந்திருப்பேன். அவர் இரண்டு பேரிடம் சொல்லியிருப்பார். அவருடைய ஆய்வகத்திலும் இப்படி நாலு டைரி இருந்திருக்கும் என்பதால் அதுகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

"அது நானே எடுத்த ரீடிங் சார்" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார்.

7. கேன்

முடிவு வந்த வாரம் அவள் அப்பா என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துப் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். விதிமுறை எண்ணோடு வைத்திருந்தேன்.

அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"சார், எம் பிள்ள ஒண்ணும் சொல்ல மாட்டங்கா. நைட்ரஜன் சம்பந்தப்பட்ட பரீச்சையிலதான் போயிட்டுன்னு மட்டும் தெரியும். அன்னைக்கு நான் கொண்டாந்த நைட்ரஜன்ல எதும் கொறையா சார்? புதுசாத்தான் புடிச்சேன். ஆனா கேன் பழசு. அதுனால எதும் அளவு தப்பிட்டோ?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும்.

"கேன் பழசா இருந்தா சில சமயம் அப்படி ஆகும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அதான் நெனச்சேன்" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

டைரியில் எழுதியது கோழைத்தனம். எக்ஸ்டர்னலிடம் சொன்னது சுயநலம். இதற்கு எனக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை.

பெங்களூர் இடம் போயிற்று. அடுத்த வருஷம் அரியர் எழுத மாரீஸ்வரி வந்தாள். அதே சோதனையை அவளுக்குக் கொடுத்தார்கள். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. துண்டுச் சீட்டைப் பார்த்துப் பத்தியை நிரப்பி, பின்னால் நடந்து, பள்ளத்தை உரிய இடத்தில் விழ வைத்து, அரை மணி முன்னதாகவே தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். போட்டவன் நான். எங்கள் ஆய்வகம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

8. பத்து சாம்பிள்

நான் ஓய்வு பெற்றபோது விழா எடுத்தார்கள். 'நேர்மையின் சிகரமே' என்று பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். அந்த எழுத்தைப் படித்துக்கொண்டே மாலைக்குக் கழுத்தை நீட்டினேன். வீட்டில் புத்தகம் ஒதுக்கும்போது நீல டைரி அகப்பட்டது. அதற்கப்புறமும் ஒரு வருஷம் தாமதித்துவிட்டுத்தான் அவளைத் தேடிப் போனேன்.

கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையின் சோதனைக் கூடத்தில் இருக்கிறாள். நூலின் எடையும் பலமும் பார்க்கும் வேலை. போனவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் டைரியை மேஜையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், பருத்திக் காடு, பின்னால் நடந்தது, சுக்குக் காபி, எல்லாம்.

நடுவில் ஒரு தொழிலாளி தாளோடு வந்தார். அவள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அண்ணாச்சி, பத்து சாம்பிளும் எப்பிடி ஒரே வெயிட்டு இருக்கும்? தராசு கிட்டயே போகலதானே? போயி நிறுத்துட்டு வாங்க."

"மேடம், அங்கன கூட்டமா இருக்கு..."

"கூட்டம் கொறையட்டும். அதுவரைக்கும் எழுதாம வச்சிருங்க."

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்னது எனக்குத் தெரியும் சார்."

"எப்பத் தெரிஞ்சது?"

"அப்பா முக்கும்போது. 'இப்படியா போகும்'னீங்கல்லா. அப்பவே."

"அப்ப ஏன்மா நீ யார்கிட்டயும் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்." என் முன்னாலிருந்த காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். "இப்ப எங்கிட்டச் சொல்லி என்ன சார்? தெரிஞ்சவகிட்டச் சொல்லுதீங்க. அந்தச் சீட்டு இன்னும் பிள்ளைங்க மேஜையில இருக்கு. அப்பா இன்னும் கேன்தான் காரணம்னு நெனச்சிட்டிருக்காரு. நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேன். பெரிய சாரே சொன்னாருங்காரு. அவருகிட்டப் போயிச் சொல்லுங்க."

டைரியை அவள் தொடவில்லை.

9. சொன்னது

முதலில் கல்லூரிக்குப் போனேன். இப்போதைய துறைத்தலைவர் என் மாணவர், வெரி குட் வாங்கியவர். "சார், மேனுவல் இப்பத்தான் புதுசா அச்சாயிருக்கு. ரிடையர்டு லைஃப்ல எதுக்கு சார் இந்த டென்ஷன்?" என்று சிரித்து, கார் வரை வந்து வழியனுப்பினார். நான் வளர்த்த பிள்ளை. என்னை மாதிரியே பேசினார். அதனால்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். அந்தக் கையேட்டில் இருக்கும் குளிர் ரீடிங் பத்தி முழுவதும் பொய். எழுதியவன் நான். இதைப் படிக்கும் மாணவர்கள் அதைப் பேனாவால் அடித்துவிடலாம்.

பிறகு அந்தக் கிராமத்துக்குப் போனேன். அவர் வீட்டு முன்னால் மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டிருந்தார். வயதாகியிருந்தது. என்னைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்.

"துண்டைப் போடுங்க" என்றேன். நின்றபடியே சொன்னேன். "உங்க நைட்ரஜன்ல ஒரு குறையும் இல்ல. கேன்லயும் இல்ல. தப்பு என்னோடது. பரீட்சைல கொடுத்த கணக்கு நான் கற்பனையா எழுதினது. உங்க பிள்ளை அத எழுத மாட்டேன்னா. உண்மையச் சொல்லி அவளக் காப்பாத்தியிருக்கலாம், சொல்லல. அப்புறம் நீங்க வந்து கேட்டப்ப கேன் பழசுன்னு உங்க மேலயே போட்டேன்."

அவர் கயிற்றின் முடிச்சைப் பிடித்தபடி நின்றார். நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன். ஏசினால் எனக்கு நல்லது என்றுகூட நினைத்தேன்.

"அப்பம் அந்தக் கேன் நல்ல கேனா சார்?"

"நல்ல கேன்."

"அதத் தூரப் போட்டுட்டேன் சார்" என்றார். "பிள்ளைய ராசியில்லாம ஆக்கிட்டுன்னு. வேற வாங்கினேன். அதுலயும் சந்தேகம் வந்து அதையும் மாத்தினேன். ஊசி போட்டு மாடு சினை நிக்கலேன்னா, அப்பமும் நம்ம நைட்ரஜன்தான் சரியில்லன்னு நெனப்பேன்."

அவர் மொபெட்டின் ஸ்டாண்டை எடுத்தார். "ஒரு பசு காலையில இருந்து கத்திக்கிட்டு இருக்கு. நேரம் தப்புனா சினை நிக்காது. வாரேன் சார்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கரிசல் பாதையில் கேன் குலுங்காதபடி மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எடுக்காத ரீடிங்குக்கு உரிய இடத்தைக் காலியாக விடுங்கள். குழு வந்தாலும், எக்ஸ்டர்னல் வந்தாலும், பஸ் போய்விட்டாலும் காலியாக விடுங்கள். காலியிடத்தைப் பார்க்கிறவன் ஒருநாள் நைட்ரஜனோடு வருவான். நீங்கள் நிரப்பி வைத்துவிட்டால், அவன் கொண்டுவரும் நல்ல நைட்ரஜனைத்தான் ஊர் சந்தேகப்படும்.